உடம்புக்குச் சொந்தக்காரரை மறக்காதே

கண்ணு,

உன் முதல் எபிசோடின் கதையை உன் அம்மா ஃபோனில் சொன்னாள். விண்ணிலிருந்து வந்த ஓர் உயிர் மனிதர்களின் உடம்புக்குள் புகுந்து கொலை செய்கிறது. போலீஸ் துப்பறிவாளர்கள் இருவர் அதைத் தேடிப் போகிறார்கள். கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கூடு விட்டுக் கூடு பாயும் கதைக்கு வயதே ஆவதில்லை. நான் திரைக்கதை எழுதியே நரைத்தவள். காட்சியை எங்கே வெட்டுவது, வசனத்தை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் எழுத எழுத உன் கைக்கே வந்துவிடும். தானாக வராதவை சில உண்டு. அவற்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1. முதலில் உடம்புக்குச் சொந்தக்காரரைத் தெரிந்துகொள். வந்த உயிர் எந்தக் கிரகம், என்ன நிறம், ஏன் வந்தது என்று நோட்டு நோட்டாக எழுதத் தோன்றும். அதற்கு முன்னால், அது யாருக்குள் புகப்போகிறதோ அவரை எழுது. எதற்குச் சிரிப்பார், யாரிடம் மட்டும் குரலைத் தாழ்த்துவார், எதைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்? 1956-இல் டான் சீகல் இயக்கத்தில் வந்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் வில்மா என்றொரு பெண் வருகிறாள். தன் மாமா ஐரா தன் மாமாவே இல்லை என்கிறாள். முகம் அதே முகம், குரல் அதே குரல், பழைய நினைவுகள்கூடப் பிசகாமல் இருக்கின்றன. ஆனால் அவளோடு பேசும்போது அவர் கண்ணில் வரும் அந்தப் பார்வை இல்லை. பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவள் அந்தப் பார்வையில் வளர்ந்தவள். ஆளைத் தெரியாதவருக்கு ஆள்மாறாட்டமும் தெரியாது. அந்தக் காட்சியில் தந்திரம் எதுவும் கிடையாது; ஒரு பெரியவர் வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2. உன் துப்பறிவாளர் விசாரிக்கிறவராக இருக்கட்டும். துப்பாக்கியோடு ஓடுகிறவரை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஒரு தொடருக்காக, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரோடு பல மாலைகள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஒருவர் காணாமல் போனால், அந்த வீட்டில் "அவருக்கு யார் எதிரி?" என்று அவர் முதலில் கேட்க மாட்டாராம். "சாதாரணமாக ஒரு நாளை எப்படிக் கழிப்பார்?" என்றுதான் கேட்பாராம். சாதாரணம் தெரிந்தால்தானே அதிலிருந்து விலகியது தெரியும் என்றார். உன் எபிசோடின் முதல் பாதியே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொலையாளியின் மனைவியிடம், கடைக்காரரிடம், பக்கத்து மேஜைக்காரரிடம் உன் துப்பறிவாளர் இதைக் கேட்டுக்கொண்டே போகட்டும். பதில் சொல்பவர்களின் பாசமும் அலட்சியமும் அதில் வெளிவந்துவிடும்.

3. பதவியைப் பார்த்து யாரையும் நம்பிவிடாதே. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1967 டிசம்பர் 22 அன்று ஒளிபரப்பான 'உல்ஃப் இன் த ஃபோல்ட்' எபிசோடைத் தேடிப் பார். எழுதியவர் 'சைக்கோ' நாவலின் ஆசிரியர் ராபர்ட் ப்ளாக். ஆர்கீலியஸ் என்ற சாதுவான கிரகத்தில் நடனமாடும் பெண் ஒருத்தி குத்திக் கொல்லப்படுகிறாள். பக்கத்தில் கையில் கத்தியோடு நிற்கிறார் விண்கலத்தின் தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி. அவருக்கு எதுவும் நினைவில்லை. விசாரிக்க வருகிறார் ஹெங்கிஸ்ட் என்ற அதிகாரி. வேறு கிரகத்திலிருந்து இந்த வேலைக்கென்று வந்தவர், சட்டம் பேசுகிறவர். மேலும் இரண்டு பெண்கள் சாகிறார்கள். கடைசியில் பார்த்தால் கொலைகார உயிர் அந்த ஹெங்கிஸ்டுக்குள்தான் இருக்கிறது. 1888-இல் லண்டனில் ஜாக் த ரிப்பர் என்ற பெயரில் பெண்களைக் கொன்றதும் அதுவே என்று கதை போகிறது.

திருப்பம் தெரிந்த பிறகு இன்னொரு முறை பார். ஹெங்கிஸ்ட் எவ்வளவு அவசரப்படுகிறார் என்று கவனி. ஸ்காட்டிதான் குற்றவாளி என்பதில் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஐயமில்லை. வேறு வழியில் உண்மையைத் தேடலாம் என்று யாராவது சொன்னால் முகம் சுளிக்கிறார். கொலைக் கத்தி ஹெங்கிஸ்டின் சொந்தக் கிரகத்தில் செய்யப்பட்டது என்பது ஒரு தடயம். அந்த அவசரம் அதைவிட நல்ல தடயம். தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரிக்கப் பிடிக்காதவரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் விண்கலத்தின் கேப்டன் கிர்க்கையும் கவனி. ஸ்காட்டி நண்பர் என்பதற்காக அந்தக் கிரகத்தின் சட்டத்தை அவர் மீறவில்லை; சட்டம் இருக்கிறதே என்று நண்பரைக் கைவிடவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சுமக்கிற மனிதரை எழுதுவது கடினம். அதைத்தான் நீ முயல வேண்டும்.

4. செத்தவர்களுக்கென்று ஒரு காட்சி எழுது. அதே எபிசோடில் எனக்குப் பொறுக்காததையும் சொல்லிவிடுகிறேன். காரா, கேரன் ட்ரேஸி, சிபோ என்று மூன்று பெண்கள் போய்விட்டார்கள். காராவின் அப்பா இருக்கிறார், அவளைக் கட்டிக்கொள்ளவிருந்தவன் இருக்கிறான், சிபோவின் கணவர் கண்முன்னாலேயே நிற்கிறார். முடிவிலோ கலத்திலிருப்பவர்கள் பயத்தைப் போக்கப் போட்ட மருந்தின் மிதப்பில் சிரிக்கிறார்கள். கிர்க் உல்லாசமாக வெளியே போகலாம் என்று பேசுகிறார். வேற்றுக்கிரகக் கதை என்றால் சாவு மலிந்துவிடுகிறது, அதுவும் பெண்ணின் சாவு இன்னும் மலிவு. அன்றைய தொலைக்காட்சி அப்படித்தான் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நீ அப்படி எழுதாதே. இரண்டு நிமிஷம் போதும். யாரோ ஒருவர் அந்தப் பெண்ணின் செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும்.

5. பயத்தை மட்டும் நம்பிப் பிழைக்காதே. ப்ளாக் படைத்த அந்த உயிருக்கு உணவே பயம்தான். எவ்வளவு அலறுகிறார்களோ அவ்வளவு அதற்கு வயிறு நிறையும். அது கலத்தின் கணினிக்குள் தாவியதும் கலத்தின் அதிகாரி ஸ்பாக் என்ன செய்கிறார் தெரியுமா? பை என்ற எண்ணைக் கடைசி இலக்கம் வரை கணக்கிடச் சொல்கிறார். கடைசி இலக்கமே இல்லாத எண் அது. கணினி முழுவதும் அந்தக் கணக்கில் மூழ்க, அந்த உயிர் வெளியேற வேண்டியதாகிறது. இதற்கிடையில் எல்லோருக்கும் ஊசி போட்டுப் பயமே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு யோசனை ரொம்பப் பிடிக்கும், ஊசி அவ்வளவாகப் பிடிக்காது. பயம் போவதற்கு மருந்தைவிட நல்ல வழி உண்டு. அதை இன்னொரு எபிசோடில் கண்டேன்.

6. நம்பிக்கையைக் காட்சியாக எழுதக் கற்றுக்கொள். 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் முதல் ஆண்டில், 1993 நவம்பர் 5 அன்று வந்தது 'ஐஸ்'. எழுதியவர்கள் க்ளென் மார்கன், ஜேம்ஸ் வாங். அலாஸ்காவில் பனிப் படலத்தை ஆழமாகத் துளையிட்ட ஆராய்ச்சிக் குழுவினர் தங்களைத் தாங்களே கொன்றுகொள்கிறார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மோல்டரும் ஸ்கல்லியும் மூன்று விஞ்ஞானிகளோடும் ஒரு விமானியோடும் அங்கே போய்ச் சேர்கிறார்கள். பனிக்குள் எத்தனையோ ஆண்டுகள் கிடந்த ஒரு புழு மனித மூளையில் குடியேறி ஆளைக் கொலைவெறி கொள்ள வைக்கிறது. உடம்பில் வரும் கறுப்புப் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. ஆகவே யார் சுத்தம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. விமானி போகிறார், ஒரு விஞ்ஞானி போகிறார். புயலில் வெளியே போக வழியில்லை. கடைசியில் இத்தனை நாள் தோளோடு தோள் நின்ற மோல்டரும் ஸ்கல்லியும் ஒருவரையொருவர் நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறார்கள். மோல்டரை ஓர் அறையில் பூட்டி வைக்கிறார்கள்.

பிறகு ஸ்கல்லி தனியாக அந்த அறைக்குள் போகிறாள். கதவு மூடியிருக்கிறது. அவன் பின்னங்கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். தோலுக்கடியில் ஏதாவது நெளிகிறதா என்று. இல்லை. திரும்பி நடக்கிறவளை அவன் சட்டென்று நிறுத்தி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறான். அந்தக் கணத்தில் அவள் திடுக்கிடுகிறாள் பார், அது முக்கியம். சந்தேகம் இன்னும் போகவில்லை. சந்தேகத்தோடேயே கழுத்தைக் காட்டி நிற்கிறார்கள். வசனமே கிட்டத்தட்ட இல்லை. இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே இருக்கும் பிணைப்பைப் பற்றிப் பத்துப் பக்கம் பேசவைத்தாலும் இது வராது. உன் இரண்டு துப்பறிவாளர்களுக்கும் இப்படி ஒரு சோதனை வேண்டும். ஒருவர் மற்றவரிடம் தன் உடம்பின் பலவீனமான இடத்தைக் காட்ட வேண்டிய கட்டம். அதை யோசித்துக் கண்டுபிடித்த பிறகு மீதி எபிசோடை எழுது.

7. நீ வகுத்த விதிக்கு நீயே முதலில் அடங்கு. எப்படிப் புகும், எப்படிப் போகும், எதைத் தாங்காது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவை. இந்த வகைக் கதைக்குப் பாட்டனார் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல். அவர் 1938-இல் எழுதிய 'ஹூ கோஸ் தேர்?' கதையில், மனிதராக உருமாறும் உயிரின் ஒவ்வொரு துளி ரத்தமும் தனி உயிர். சுட்ட கம்பியை வைத்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அதிலிருந்து பிறக்கிறது யார் மனிதன் என்று கண்டுபிடிக்கும் சோதனை. 'ஐஸ்' எபிசோடும் அந்தக் கதையின் வழியில் வந்ததுதான். ஆனால் அதில் விதி வேறு: ஒரே உடம்புக்குள் இரண்டு புழுக்கள் இருந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். மருந்தே இன்னொரு புழு. ஆகவே சுத்தமான ஆளுக்குள் தவறுதலாக அதைச் செலுத்திவிட்டால் நோயைக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஒரு விதி, அதிலிருந்தே ஒரு தர்மசங்கடம். முடிவு நெருங்கும்போது கை நடுங்கி, புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து காப்பாற்றத் தோன்றும். கூடாது. பார்ப்பவர் உன்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்.

8. இயற்கையைப் படி. பூமியிலேயே பிற உயிரை ஆட்டிவைக்கும் உயிர்கள் உண்டு. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை தச்சு எறும்பைக் கூட்டத்திலிருந்து பிரித்து, செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கவ்வியபடியே சாகவைக்கிறது. அந்தப் பூஞ்சை எறும்பின் தசைகளைச் சுற்றிப் பரவினாலும் மூளைக்குள் நுழைவதில்லை என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளை மிஞ்சியிருக்க, கால்கள் மட்டும் வேறொன்றின் சொல்படி நடக்கின்றன. இதை ஒரு மனிதருக்குப் பொருத்தி யோசித்துப் பார். உன் கதைக்கு வேண்டிய துயரம் அங்கேயே கிடைக்கும்.

9. புகுந்த உயிருக்கும் ஒரு மனசாட்சி இருக்கலாம் என்பதை மறக்காதே. ஹால் க்ளெமென்ட் என்ற பெயரில் எழுதிய பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவரின் 'நீடில்' நாவல் 1950-இல் புத்தகமாக வந்தது. அதில் வேற்றுக்கிரகப் போலீஸ் ஒன்று, தப்பியோடிய குற்றவாளி ஒன்று. இரண்டுமே பிற உயிர்களின் உடம்புக்குள் வாழும் கூழ் போன்ற இனம். போலீஸ் ஒரு சிறுவனின் உடம்புக்குள் இடம் பிடிக்கிறது. எந்த மனிதருக்குள் குற்றவாளி ஒளிந்திருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பசிபிக் தீவு ஒன்றில் தேடுகிறார்கள். அது இருந்தது அந்தப் பையனின் அப்பாவுக்குள். எனக்கு அதைவிட மனதில் நின்றது வேறு: தான் குடியிருக்கும் உடம்புக்குத் தீங்கு வரக்கூடாது என்பது அந்த இனத்தின் சட்டம், அதை மீறியதுதான் குற்றம். குடியேறுவதும் கொள்ளையடிப்பதும் ஒன்றல்ல என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. உன் எபிசோடில் வந்த உயிர் வெறும் அரக்கனாக இருந்தால் பயமுறுத்தும். அதற்கும் ஒரு நியாயம் இருந்து, அந்த நியாயத்தை அது மீறியிருந்தால், உன் போலீஸ்காரருக்குப் பேச ஏதாவது இருக்கும்.

10. நோயாளிகளைப் புண்படுத்தாதே. தன் மனைவி மனைவியே இல்லை, யாரோ அவள் உருவில் வந்திருக்கிறார்கள் என்று நிஜமாகவே நம்பித் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். 1923-இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிராஸ் தன் சக மருத்துவரோடு சேர்ந்து இதைப் பதிவுசெய்தார். இன்று அவர் பெயராலேயே அந்த நோய் அறியப்படுகிறது. மறதி நோயோடும் வரும், மனச்சிதைவோடும் வரும், தலையில் அடிபட்டும் வரும். எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு வந்தது. அவர் மகள் தினமும் தான் அவர் மகள்தான் என்று நிரூபித்துக்கொண்டே சோறு ஊட்டினாள். உன் கதையில் "இது என் அப்பா இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த மகளும் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்து எழுது.

11. நடிகரை நம்பு. ஆள் மாறியதைக் காட்ட "கண்களில் பச்சை ஒளி" என்று எழுதாதே. நான் எழுத வந்த புதிதில் ஒரு மூத்த நடிகர் சொன்னார்: "அம்மா, நான் எப்படிப் பார்க்கணும்னு எழுதாதீங்க. எதைப் பார்க்காம விட்டேன்னு எழுதுங்க." குழந்தை ஓடிவரும்போது குனியாத அப்பா போதும். ஹெங்கிஸ்டாக நடித்த ஜான் ஃபீட்லருக்கு மெல்லிய, சாதுவான குரல். அதே குரல்தான் பிறகு 'வின்னி த பூ' படங்களில் பிக்லெட் என்ற பன்றிக்குட்டிக்குப் பேசியது. அந்த வாயிலிருந்து கொலைகாரனின் வெறிச்சிரிப்பு வரும்போது மயிர்க்கூச்செறிகிறது என்றால், எந்த ஒப்பனையும் அங்கே தேவைப்படவில்லை.

12. பணம் இல்லை என்று வருந்தாதே. 'ஐஸ்' செலவைக் குறைக்க ஒரே இடத்துக்குள் நடப்பதாக யோசித்த கதைதான். நாலு சுவரும் ஒரு பூட்டும் இருந்தால் இந்த வகைக் கதை நிற்கும்.

13. உயிர் வெளியேறிய பிறகு என்ன என்று எழுது. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள்: அரக்கன் போனான், கதை முடிந்தது. தன் கையால் நடந்த கொலை தனக்கு நினைவிருக்கிறதா, அந்த மனிதருக்கு? நினைவில்லை என்றால் வீட்டார் அவரிடம் சொல்வார்களா? நீதிமன்றம் யாரைத் தண்டிக்கும்? போலீஸ்காரர் அறிக்கையில் குற்றவாளியின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவார்? கைது செய்தவரே அந்த மனிதரின் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியிருக்கும். பாதி எழுத்தாளர்கள் தப்பித்துப்போகிற இடம் இது. நீ அங்கே நின்று எழுது, அவசரப்படாமல்.

14. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஏதாவது அனுப்பு. முழு எபிசோடு வேண்டாம். யாருடைய உடம்புக்குள் அது புகப்போகிறதோ அவருடைய ஒரு சாதாரண நாளை மட்டும் எழுது, எழுந்ததிலிருந்து படுக்கும் வரை. வேற்றுக்கிரகம், கொலை, போலீஸ் எதுவும் அதில் வரக்கூடாது. படித்து முடிக்கும்போது அவருக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று எனக்குத் தோன்றினால், உடனே உன்னை ஃபோனில் கூப்பிடுகிறேன். அடுத்த பக்கத்தை அன்றைக்கே தொடங்கலாம்.